முந்திரி மிஸ் வாயைத் திறக்காத மாலை

பள்ளி ஆண்டு மலருக்கு என் மனைவியிடம் ஒரு கட்டுரை கேட்டிருக்கிறார்கள். மாணவர்களே நடத்திய கலைவிழாவுக்குப் பொறுப்பாசிரியையாக இருந்ததில் என்ன கற்றுக்கொண்டாள் என்று இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டும். அவளும் உட்கார்ந்தாள். "இந்த விழாவில் நான் கற்ற முதல் பாடம்" என்று எழுதினாள். அதோடு பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். தாள் இன்னும் சாப்பாட்டு மேசைமேல்தான் கிடக்கிறது. திருமணமானதிலிருந்து நான் ஆரம்பிப்பதை எல்லாம் அவள்தான் முடித்து வைக்கிறாள். ஒரு தடவையாவது அவள் ஆரம்பித்ததை நான் முடிக்கிறேனே.

நான் திக்குவாய்க்காரன். மைக் செட் வாடகைக்கு விடுவது தொழில். ஊருக்கெல்லாம் மைக் கொடுக்கிறவனுக்குப் பேச்சு வராது என்பது என் நண்பர்களுக்கு இன்னும் சலிக்காத நகைச்சுவை. மற்ற மைக் செட்காரர்கள் "ஹலோ, ஹலோ" என்று சோதித்துப் பார்ப்பார்கள். நான் விரலால் இரண்டு தட்டு தட்டுவதோடு சரி. எழுத்தில் எனக்குத் திக்கல் கிடையாது. இங்கே குறுக்கே வர ஆளும் இல்லை. அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மனைவி வரலாற்று ஆசிரியை. நல்லவள், பதற்றக்காரி. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், பூட்டினோமா என்று திரும்பி வந்து பார்க்கிற ரகம். அவளுக்கு எல்லாவற்றையும்விட ஆகாதது மௌனம். யாராவது பேச்சை ஒரு நொடி நிறுத்தினால் போதும், மாடிப்படியில் தடுமாறும் குழந்தையைப் பிடிக்கிற வேகத்தில் ஓடி வந்து அடுத்த வார்த்தையை எடுத்துக் கொடுத்துவிடுவாள். வகுப்பில் கேள்வியும் அவளே, பதிலும் அவளே. ஒரு பையன் எழுந்து நின்று யோசிக்க ஆரம்பிப்பதற்குள் விடை வந்துவிடும். பிள்ளைகள் அவளுக்கு முந்திரிக்கொட்டை என்று பெயர் வைத்து, மரியாதைக்காகச் சுருக்கி, முந்திரி மிஸ் ஆக்கியிருக்கிறார்கள். இது அவளுக்கும் தெரியும்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்தவன் நான். கல்யாணமான புதிதில் ஒரு நாள் காபி கொண்டு வந்து வைத்து, "எப்படி இருக்கு?" என்றாள். வாயில் வைக்க முடியாத கசப்பு. நான், "ச... சக்கரை கொஞ்சம்..." என்று இழுத்தேன். "கம்மியா போடணுமா? சரிங்க" என்றாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து இன்றுவரை எனக்குச் சர்க்கரை குறைந்த காபி. வருகிற உறவினர்களிடம், "அவருக்கு இனிப்பே ஆகாது" என்று பெருமையாகச் சொல்வாள். நான் தலையாட்டிவிட்டுக் குடிப்பேன். திருத்தப் போனால் மறுபடியும் ஒரு வாக்கியம் ஆரம்பிக்க வேண்டும், அதையும் அவள்தான் முடிப்பாள்.

கலைவிழா அவள் தலையில் வந்து விழுந்ததும் இந்த வாயால்தான். ஆசிரியர் கூட்டத்தில் தலைமை ஆசிரியை, "ஒவ்வொரு வருஷமும் நாமளே நடத்தறோம், நாமளே கைதட்டறோம். வேற ஏதாவது..." என்று ஆரம்பித்திருக்கிறார். அந்த அம்மாள் மூச்சு வாங்குவதற்குள் இவள், "பசங்களே நடத்தட்டும் மேடம், நான் பொறுப்பு" என்று முடித்துவிட்டாள். தலைமை ஆசிரியை கண்டிப்பானவர். "சரி. ஆனா முழுக்க அவங்க கையில. மேடை, நாடகம், அறிவிப்பு எல்லாமே. சொதப்பிச்சுன்னா அடுத்த வருஷம் பழையபடி நாமதான். அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது" என்றாராம்.

வீட்டுக்கு வந்து பையைக்கூடக் கழற்றாமல் நின்றாள். "நான் ஏங்க அப்படிச் சொன்னேன்? பிள்ளைங்க எவ்வளவு ஆசையா இருக்காங்க தெரியுமா? என்னால அது போயிடுச்சுன்னா?" என்றாள். அந்தப் பிள்ளைகளுக்கு அது வெறும் விழா இல்லை. ஆசிரியர்கள் எழுதிக் கொடுத்ததை ஒப்பித்துவிட்டு இறங்குகிற மேடையில் முதல் தடவையாகத் தங்கள் சொந்த வசனத்தைப் பேசப் போகிறார்கள். அது கெட்டால் அவர்களுக்குப் பிறகு வருகிறவர்களுக்கும் இல்லை.

மாணவர் குழுவுக்குத் தலைவி, கடைசி வகுப்புப் படிக்கும் ஒரு பெண். எல்லோரிடமும் வேலை வாங்குவதில் கெட்டிக்காரி என்பதால் மேஸ்திரி என்று பட்டப்பெயர். அவளே ஒரு நாடகம் எழுதியிருந்தாள். ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்துகொண்டு போகிற கதை. கடைசிக் காட்சியில் எல்லா அறைகளும் வெறிச்சென்று இருக்கும். டிரங்குப் பெட்டிமேல் அப்பா உட்கார்ந்திருப்பார். சின்ன மகள் வந்து, "அப்பா, நாம எப்ப திரும்பி வருவோம்?" என்று கேட்பாள். அவர் யோசித்து, "இனிமே வரமாட்டோம்மா" என்பார். திரை விழும். அப்பா வேஷம் போட்டவன் நெடுநெடுவென்று வளர்ந்த பையன், பெயர் கொக்கு. மகள் வேஷத்துக்கு ஆறாம் வகுப்பிலிருந்து ஒரு வாண்டைப் பிடித்திருந்தார்கள். அவளை எல்லோரும் பாப்பா என்றே கூப்பிட்டார்கள்.

விழாவுக்கு மைக் செட் என்னுடையது. ஒத்திகைக்கே போய் ஒயர் இழுக்க ஆரம்பித்தேன். அங்கேயும் என்னைத் தள்ளி வைத்தார்கள். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸர் முன்னால் ஒரு ஒன்பதாம் வகுப்புப் பெண் உட்கார்ந்துகொண்டு, "அங்கிள், சொல்லிக் குடுங்க, ஆனா தொடாதீங்க. மேஸ்திரி திட்டுவா" என்றாள். எத்தனையோ பாட்டுக் கச்சேரிகளுக்குச் சத்தம் வைத்தவன் நான். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். எரிச்சல்தான், என்ன செய்வது.

என் மனைவியால் கையைக் கட்ட முடியவில்லை. எதிலும் தலையிடக் கூடாது என்பதால், தனக்கென்று ஒரு சின்ன வேலையைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்திரைக்குப் பின்னால் நாற்காலி போட்டு, யாராவது மறந்தால் வசனம் எடுத்துக் கொடுப்பது. "மறந்தா மட்டும்தான்" என்று மேஸ்திரியிடம் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள். ஆனால் மறந்து நிற்பதற்கும் யோசித்து நிற்பதற்கும் அவளுக்கு வித்தியாசம் தெரிந்தால்தானே. பாப்பா கேள்வி கேட்டு முடித்த மறுகணமே திரைக்குப் பின்னாலிருந்து "இனிமே வரமாட்டோம்மா" என்று கிசுகிசுப்பு வந்துவிடும். கொக்கு அதை வாங்கி அப்படியே சொல்வான்.

"மிஸ், அந்த அப்பா கொஞ்சம் யோசிக்கணும்" என்றாள் மேஸ்திரி.

"யோசிக்கட்டும்மா, நான் சும்மா மெதுவாத்தான் சொல்றேன்."

மேடைக்கு எதிரே நின்றதால் ஒன்று என் கண்ணில் பட்டது. ஒத்திகை போகப் போகப் பிள்ளைகள் எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்க ஆரம்பித்தார்கள். முகம் பார்வையாளர் பக்கம், காது பக்கத்திரைப் பக்கம். வசனத்தை அவர்கள் மனப்பாடம் செய்வதையே விட்டுவிட்டார்கள். எதற்குச் செய்ய வேண்டும்? கேட்காமலே வருகிறதே. எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. நானும் அப்படித்தான் வீட்டில் பாதி வார்த்தையோடு நின்று காதைக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அன்று வேனில் திரும்பும்போது சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். "நீ வசனம் சொ... சொல்..." என்றேன். சொல்லாதே என்பதுதான் பாக்கி.

"சொல்றது பத்தலையா? எனக்கும் அதாங்க தோணுச்சு. நாளைக்கு இன்னும் கொஞ்சம் சத்தமாவே சொல்றேன்" என்றாள்.

கியரை மாற்றிக்கொண்டு ஓட்டினேன். எழுதிக் காட்டியிருக்கலாமே என்பீர்கள். கட்டின மனைவியிடம் சீட்டு நீட்டிப் பேச எனக்கு மனசு வராது. வாயால் சொல்ல முடியாததை அவளிடம் சொல்லாமலே இருந்துவிடுவேன். அது என் வீம்பு.

விழாவுக்கு முதல் நாள் முழு உடையோடு ஒத்திகை. கடைசிக் காட்சிக்குச் சற்று முன்னால் ஒரு பெண்ணின் உடையில் தையல் விட்டுப்போக, என் மனைவி ஊக்கு எடுத்து வர ஆசிரியர் அறைக்கு ஓடினாள். அவள் அந்தப் பக்கம் போக, தலைமை ஆசிரியை இந்தப் பக்கம் உள்ளே வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். மேடையில் பாப்பா கேட்டாள், "அப்பா, நாம எப்ப திரும்பி வருவோம்?"

கொக்கு காதைச் சாய்த்தான். ஒன்றும் வரவில்லை. இன்னும் சாய்த்தான். பாப்பாவும் பக்கத்திரையைப் பார்த்தாள். பெட்டி தூக்க வந்தவன் பார்த்தான். மேடையில் இருந்த அத்தனை பேரும் ஆளில்லாத ஒரு நாற்காலியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கொக்கின் தொண்டை மேலும் கீழும் போய் வந்தது. வார்த்தை வராமல் நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஊக்கோடு ஓடி வந்த என் மனைவி வாசலிலேயே, "இனிமே வரமாட்டோம்மா" என்று கத்தினாள். கூடமே அதிர்ந்தது.

தலைமை ஆசிரியை திரும்பினார். "டீச்சர், இது பசங்க நாடகமா, உங்க நாடகமா? நாளைக்குப் பெற்றோர் முன்னாடி இப்படி நின்னா, நான் சொன்னது சொன்னதுதான்." எழுந்து போய்விட்டார்.

என் மனைவி அங்கேயே படியில் உட்கார்ந்தாள். மேஸ்திரி பக்கத்தில் வந்து நின்றாள். அந்தப் பெண்ணுக்கும் கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் உடையவில்லை.

"மிஸ், கோவிச்சுக்காதீங்க. நாளைக்கு நீங்க பின்வரிசையில உட்காருங்க. இப்ப வீட்டுக்குப் போங்க. நாங்க இன்னொரு தடவை பார்த்துக்கறோம்."

"நான் இல்லாம போனதாலதானேம்மா நின்னுட்டாங்க?"

"இல்ல மிஸ். நீங்க எப்பவும் இருந்ததால நின்னுட்டாங்க."

வேனில் வழி நெடுக என் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அது பழக்கமே இல்லாத சத்தம். வீட்டுக்கு வந்ததும் துணி மடித்தாள், மடித்ததைக் கலைத்து மறுபடி மடித்தாள். மேஸ்திரிக்குப் போன் அடித்தாள், அணைத்து வைத்திருந்தார்கள். "அந்தப் பாப்பா பயந்துட்டாளோ என்னவோ. கொக்கு வரவே மாட்டேன்னுட்டா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

நான், "போ... போ..." என்றேன். போகட்டும் விடு என்று சொல்ல வந்தேன்.

"போய்ப் பார்த்துட்டு வரவா? இதோ" என்று செருப்பை மாட்டிவிட்டாள். வேறு வழியில்லாமல் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். சாப்பிடவில்லை. அவள் சாப்பிடாததால் எனக்கும் இறங்கவில்லை.

விழா நாளன்று கூடம் நிரம்பிவிட்டது. நாற்காலி போதாமல் சிலர் சுவரோரமாக நின்றார்கள். பின்னால் மிக்ஸர் மேசையருகில் எங்கள் இருவருக்கும் இரண்டு ஸ்டூல் போட்டிருந்தார்கள், வேலையில்லாத இரண்டு பேருக்கும் சேர்த்து. பாட்டு நன்றாகப் போனது. ஒரு நடனத்தில் ஒருத்தியின் சலங்கை அவிழ்ந்தது, அவளே காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு ஆடினாள். என் மனைவி ஒவ்வொன்றுக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, பிறகு விட்டாள். பிறகு நாடகம் தொடங்கியது. முன்வரிசையில் தலைமை ஆசிரியையின் முதுகு நிமிர்ந்தே இருந்தது.

கடைசிக் காட்சி வந்தது. பாப்பா பெட்டியருகில் வந்து நின்றாள். "அப்பா, நாம எப்ப திரும்பி வருவோம்?"

கொக்கு பேசவில்லை. யோசிக்கிறான் என்று நினைத்தேன். அந்த அப்பா யோசிக்க வேண்டிய நேரம் ஆயிற்று. அதற்கு மேலும் ஆயிற்று. அவன் தலை மெல்லப் பக்கத்திரைப் பக்கம் சாய்வதைப் பார்த்தேன். மறந்துவிட்டான்.

மிக்ஸர் மேசையில் அறிவிப்புக்கு வைத்திருந்த மைக் ஒன்று இருந்தது. அது என் மனைவியின் கையில் இருப்பதை அப்போதுதான் கவனித்தேன். கட்டைவிரல் பொத்தான்மேல் இருந்தது. உதடு அந்த இரண்டு வார்த்தைகளைச் சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தது. அமுக்கினால் கூடம் முழுக்கக் கேட்கும். பிள்ளை தப்பித்துவிடுவான், விழா போய்விடும். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். "வே..." என்பதோடு அது வழக்கம்போல நின்றுகொண்டது. ஒயரைப் பிடுங்கியிருக்கலாம், கைக்கு எட்டும் தூரம்தான். ஏனோ பிடுங்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல் அவள் மைக்கை என் மடியில் வைத்தாள். முந்தானை நுனியைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். அவள் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. இருமல் சத்தம்கூட இல்லாத அந்தக் கூடத்தில் அவள் மூச்சுதான் எனக்குக் கேட்டது.

கொக்கு பக்கத்திரையிலிருந்து முகத்தைத் திருப்பினான். அங்கே யாரும் இல்லை என்பது அவனுக்கு இப்போது நிச்சயமாகிவிட்டது. பாப்பாவைப் பார்த்தான், நன்றாகப் பார்த்தான். பெட்டியிலிருந்து இறங்கி அவள் உயரத்துக்குக் குந்தினான்.

"தெரியலம்மா" என்றான். "அப்பாவுக்குத் தெரியல."

அது நாடகத்தில் இல்லாத வசனம். பாப்பா ஒரு நொடி விழித்தாள். பிறகு தன் துணிமூட்டையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, அவன் விரலைப் பிடித்து எழுப்பினாள். இருவரும் நடந்தார்கள். திரையை இழுப்பவன் தனக்கு அடையாளமான கடைசி வசனம் வராததால் தாமதித்துவிட்டு, பிறகு தானாகவே இழுத்தான். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் மூக்கைச் சிந்தினார். கைதட்டல் எழுந்தபோது என் மனைவி தட்டவில்லை. முந்தானையை வாயிலிருந்து எடுக்கவே மறந்து உட்கார்ந்திருந்தாள்.

கூட்டம் கலைந்ததும் கொக்கு ஓடி வந்தான். ஒட்டுமீசை பாதி தொங்கியது.

"மிஸ், மறந்துட்டேன் மிஸ்."

"தெரியும்" என்றாள். சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவன் முடிக்கட்டும் என்று.

"நேத்து அத்தனை தடவை சொல்லிப் பார்த்தேன் மிஸ். மேடையில ஏறினதும் போயிடுச்சு. நீங்க சொல்வீங்கன்னு காதைக் குடுத்தேன். யாருமே இல்ல. அப்புறம் பாப்பாவைப் பார்த்தேன். அவ நிஜமாவே கேட்கிற மாதிரி இருந்துச்சு. என்ன சொல்றதுன்னு எனக்கு நிஜமாவே தெரியல. அதையே சொல்லிட்டேன்."

பின்னால் நின்றிருந்த மேஸ்திரி, "நான் எழுதினதைவிட இது நல்லாயிருக்குடா. எனக்குக் கொஞ்சம் கோவமாவும் இருக்கு" என்றாள்.

தலைமை ஆசிரியை அந்தப் பக்கமாக வந்தார். எல்லோரும் நிமிர்ந்து நின்றார்கள். "அடுத்த வருஷம்..." என்று ஆரம்பித்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். என் மனைவி இரண்டு கைகளையும் கோத்து இறுக்கிக்கொண்டு நின்றாள், முடித்து வைக்கவில்லை. "...அடுத்த வருஷமும் இவங்களே பண்ணட்டும். நாற்காலியையும் இவங்களே அடுக்கட்டும்" என்றுவிட்டு அவர் நடந்தார். பிள்ளைகள் கூச்சலில் என் மிக்ஸர் அதிர்ந்தது.

மறுநாள் காலை நான் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அடுப்பில் பால் இருந்தது. அவள் டம்ளரில் வழக்கமான அரைக் கரண்டிச் சர்க்கரையைப் போடப் போனாள். எதனால் எனக்கு அந்தத் தைரியம் வந்தது என்று தெரியவில்லை.

"ச... ச..." என்றேன்.

திரும்பினாள். வாய் திறந்தது. பிறகு மூடிக்கொண்டது.

"சக்... சக்..."

பால் பொங்கி விளிம்புக்கு வந்துவிட்டது. அடுப்பை அணைக்கக் கை எட்டுகிற தூரம்தான். அவள் பாலைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தாள். முந்தின நாள் மேடையைப் பார்த்த அதே பார்வை, அதே பயம். கரண்டியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. இவ்வளவு காலமும் என் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இவள் இப்படித்தான் பயந்திருக்கிறாள் என்பது எனக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. நான் அவசரம் என்று நினைத்தது எல்லாம் இதுதான். எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. ஆனாலும் விடவில்லை.

"சக்கரை கொஞ்சம்... தூக்கலா போடு."

பால் வழிந்து அடுப்பு அணைந்தது. அவள் அசையவில்லை.

"தூக்கலாவா? நீங்க எப்பவுமே கம்மியாத்தானே..."

"க... கம்மின்னு சொன்னது... நீ."

அப்படியே அடுப்பு மேடையில் சாய்ந்துகொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, மிச்சம் இருந்த பாலில் காபி கலந்து, சர்க்கரையை அள்ளி அள்ளிப் போட்டாள். டம்ளரை என் கையில் கொடுத்தாள்.

"போதுமா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

ஒரு வாய் குடித்தேன். பதில் என் நாக்கு நுனியில் திக்காமல் தயாராகவே இருந்தது. ஆனாலும் உடனே சொல்லவில்லை. ஒருத்தி எனக்காகக் காத்திருக்கிறாள் என்பதைக் கொஞ்ச நேரம் அனுபவித்துவிட்டுச் சொல்லலாம் என்று இன்னொரு வாய் குடித்தேன்.